குதிரையும் குருதியுண்பனவும்

விழா மலரொன்றிலே உண்ணியையும் ஈயையும் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். கல்லூரியின் தோற்ற வரலாறும், பழைய அதிபர்களின் அருஞ்செயல்களும், உதைபந்தாட்டக் குழுவினர் ஈட்டிய வெற்றிகளும் நிரம்பிய ஏட்டினுள்ளே இவ்வற்பப் பிராணிகள் எங்ஙனம் புகும் என்பது அவர்தம் ஐயம். அவ்வையம் நீங்குதற்பொருட்டு, எமது கல்லூரி மாணாக்கர் ஒவ்வொருவரும் சிறுபராயத்திலேயே கேட்டறிந்த கதையொன்றிலிருந்து தொடங்குகின்றோம்.

வாதவூரடிகள் பாண்டியனுக்குக் குதிரை கொள்ளச் சென்ற வரலாறே அது. கொண்டுசென்ற பொன் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்குச் செலவாயிற்று, நரிகள் பரிகளாயின, நள்ளிரவிலே பரிகள் மீட்டும் நரிகளாயின. இத்திருவிளையாடலின் பத்திச்சுவை ஒருபுறம் நிற்க, அதன் பின்னணியிலே கிடக்கும் உலகியலுண்மை யாதெனின், பாண்டியர்க்கு வேண்டிய நல்ல குதிரைகள் அவர்தம் நாட்டிற் பிறந்தனவல்ல. கடல் கடந்து விலைக்கு வந்தன என்பதேயாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அக்கரையைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் அரபிக் கடற்றுறைகளிலிருந்து அங்கு வந்திறங்கின எனவும், ஆண்டு முடியுமுன் அவற்றுட் பெரும்பாலன இறந்தொழிந்தன எனவும், அவற்றைப் பேணும் வகையறிந்த வைத்தியர் அங்கிலர் எனவும் குறித்துள்ளார். சோற்றையும் இறைச்சியையும் ஊட்டிக் கெடுத்தனர் என்பதும் அவர் கூற்று. நரியாய் மாறாத குதிரைகளும் பாண்டியனுக்கு நெடுநாள் நிலைத்தில என்பது தெளிவு.

வரண்ட பாலைவெளியிலே பிறந்த விலங்கு, ஈரமும் வெம்மையும் கலந்த கரையிலே வந்து நிற்கும்பொழுது அதனை முதலில் எதிர்கொள்வன கடிக்கும் பூச்சிகளே. புல்லும் நீரும் வேறாயினும் பழகிக்கொள்ளலாம். குருதியிற் புகும் நோய்க்குப் பழகிக்கொள்வதற்கு உடம்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை. அக்காலத்துக் குதிரைகளின் சாவிலே பிழைப்பட்ட உணவுக்கு எத்துணைப் பங்கோ, ஈக்கும் உண்ணிக்கும் அதனிற் குறையாத பங்கு இருந்திருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

குதிரை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறைகளை முதலில் நோக்குவோம்; பேணுவோன் செய்யத்தக்கது யாதென்பதை அவற்றிலிருந்தே கற்கலாம். குதிரையின் தோலின் கீழே மெல்லியதொரு தசைத்தகடு உண்டு. ஈயொன்று விலாப்புறத்தில் அமர்ந்த கணமே அவ்விடத்துத் தோல் மட்டும் துடித்து அதனை உதறும். பின்னுடம்பைக் காப்பது வால். 2018இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, விலங்குகள் வாலை ஊசலாட்டுவதனால் எழும் காற்று ஏறக்குறைய வினாடிக்கு 1 மீற்றர் வேகமுடையது. நுளம்பு பறக்கும் வேகமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலின் வீசும் வாலைக் கடந்து தோலை அடைவது நுளம்புக்கு எளிதன்று; வந்தவற்றுட் பாதியளவு அமரமாட்டாது திரும்பின. வாலுக்குத் தப்பி அமர்ந்தவற்றை வால்நுனி மயிர் குறிதவறாது அடிக்கும். இத்துணைச் சிறந்த படைக்கலத்தை அழகு கருதி வெட்டிவிடும் வழக்கம் இங்கிலாந்திலே நெடுங்காலம் நிலவிற்று. 1949இலேயே அது சட்டத்தாற் றடுக்கப்பட்டது. மொட்டை வாலோடு கோடைக்காலத்துப் புல்வெளியில் நிற்கும் குதிரையின் துன்பம், கைகளைப் பின்னே கட்டி நுளம்புகளிடையே நிறுத்தப்பட்டவனது துன்பம் போன்றது.

குதிரைக்கு எட்டாத இடம் அதன் தலையும் கழுத்தும். அதற்கும் வழி கண்டுள்ளது. இரு குதிரைகள் தலைமாறி, ஒன்றன் வால் மற்றதன் முகத்துக்கு நேராகுமாறு, அருகருகே நிற்றலைக் கண்டோர் பலர். ஒன்று வீச மற்றது பயன்பெறும். மந்தையாய் நிற்பதிலும் நன்மையுண்டு. பிரான்சு தேசத்தின் தெற்கே ரோன் ஆற்றுக் கழிமுகத்திலுள்ள கமார்க் என்னும் சதுப்புநிலத்து வெள்ளைக் குதிரைகளிடையே செய்த ஆராய்ச்சியொன்று 1979இல் வெளியாயிற்று. சிறு கூட்டமாய் நின்ற குதிரை ஒவ்வொன்றும் பெற்ற கடிகளைவிடப் பெருங்கூட்டத்தில் நின்ற குதிரை பெற்ற கடிகள் குறைவு என அது காட்டிற்று. தனியே கட்டிவைத்த குதிரைக்கு இவ்வுதவி யாதும் இல்லை. மனிதன் அதனைக் கயிற்றாற் கட்டிய அன்றே, தோழனது வாலுக்குப் பதிலாகத் தன் கையைத் தரக் கடமைப்பட்டான்.

இனிப் பகைவர்களை ஒவ்வொருவராய் நோக்குவோம். முதலில் உண்ணி. இது பூச்சியன்று, எட்டுக்கால்களையுடைய சிலந்தியினத்து உறவு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள். குஞ்சு, இளவுண்ணி, முதிருண்ணி என்னும் மூன்று பருவத்தும் குருதியே உணவு. சிலவகை உண்ணிகள் மூன்று பருவத்தையும் ஒரே விலங்கின் உடம்பிற் கழிக்கும். எமது மாடுகளில் மிகுதியாய்க் காணப்படும் உண்ணி அத்தகையது. வேறு சில, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் நிலத்தில் வீழ்ந்து தோலுரித்துப் பின்னர் வேறொரு விலங்கைத் தேடும். இவ்வேறுபாட்டை அறியாது மருந்திடுவோர், முன்னையதற்கு ஏற்ற முறையைப் பின்னையதற்கும் கையாண்டு, மருந்திட்ட மறுகிழமையே புதிய உண்ணிகளைக் கண்டு மருந்தைப் பழிப்பர். பழி மருந்தினதன்று, புல்வெளியினது.

வயிறு நிரம்பிய பெண்ணுண்ணி நிலத்தில் வீழ்ந்து, ஈரமான சருகின் கீழே 2,000 முதல் 3,000 வரையான முட்டைகளை ஒருங்கே இட்டு மடியும். குஞ்சுகள் புல்நுனியில் ஏறி, முன்னங்கால்களை அகல விரித்துக் காத்திருக்கும். அக்கால்களின் நுனியிலுள்ள உணர்குழி, அணுகும் விலங்கின் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அறியவல்லது. உணவின்றிப் பல மாதங்கள் அவை பொறுத்திருக்கும். தவஞ்செய்வோர்க்கும் இத்துணைப் பொறுமை அரிது.

நிரம்பிய உண்ணியின் வடிவம் ஆமணக்கு வித்தை ஒத்தது. இஃது எமது கற்பனையன்று. தாவரநூலோர் ஆமணக்குக்கு வழங்கும் ‘ரிசினசு’ என்னும் இலத்தீன் பெயரின் பொருளே உண்ணி என்பதாகும். குதிரையின் உடலிலே இவ்வித்துக்களைத் தேடவேண்டிய இடங்கள் தோல் மெல்லியனவும் குதிரைக்கு எட்டாதனவுமான இடங்கள்: செவியின் உட்புறம், தாடையின் கீழ், பிடரிமயிரின் அடி, முன்னங்கால்களின் இடுக்கு, தொடையிடுக்கு, வாலின் அடி. கண்ணால் நோக்குதல் போதாது. மயிரை எதிராகத் தடவி விரல்களாலே தேடுதல் வேண்டும். சிறியவை கொள்ளுமணி அகப்பட்டாற் போல விரலிற் படும். நாடோறும் மாலையிற் குதிரையைத் தேய்க்கும் வேளையிலேயே இதனைச் செய்துவிடலாம்; பழகிய கைக்குச் சில நிமிடங்களே செல்லும்.

கண்ட உண்ணியை அகற்றுவதிலே எம்மவர் செய்யும் பிழைகள் பல. சுருட்டின் தீக்கங்கை வைப்பாரும், மண்ணெண்ணெய் விடுவாரும், நகத்தால் வயிற்றை நசுக்குவாரும் உளர். இவையெல்லாம் ஒன்றே செய்வன: துன்புற்ற உண்ணி தன் வயிற்றிலும் உமிழ்நீரிலும் உள்ளவற்றைக் குதிரையின் குருதியினுள்ளே உமிழச் செய்வன. எதனை அஞ்சி அகற்றப் புகுந்தோமோ அதனையே வரவழைத்தல் ஆகும். கூரிய முனையுள்ள இடுக்கியால் தோலுக்கு மிக அண்மையிலே வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாது, நேராக மெல்ல இழுத்தலே முறை. அகற்றியதை மதுசாரத்தில் இடுக. நிலத்தில் எறிந்தால் அதற்கு வேண்டிய இடத்துக்கே அதனை அனுப்பிவைத்தவராவோம்.

உண்ணி நோய் பரப்பும் என்பதே ஒருகாலத்து நகைப்புக்குரிய கூற்றாயிருந்தது. அமெரிக்காவிலே தெக்சாசு மாட்டுக் காய்ச்சலை ஆராய்ந்த தியோபால்ட் சிமித், கில்போர்ன் என்னும் இருவரும், அந்நோயை ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது உண்ணியே என்பதை 1893இல் நிலைநாட்டினர். நுளம்பிலே மலேரியாவின் கிருமியை உரொனால்ட் உரொசு கண்டதற்கு நான்காண்டு முந்தியது இது. குதிரைகளிலும் அத்தகைய நோயொன்று உண்டு. செங்குருதிக் கலங்களினுள்ளே புகுந்து அவற்றை உடைக்கும் ‘பபேசியா கபாலி’, ‘தைலேரியா எகுவி’ என்னும் இரு நுண்ணுயிர்கள் அதன் காரணிகள். காய்ச்சல், சோகை, கண்ணிமையின் உட்புறம் மஞ்சளித்தல், செந்நிறச் சிறுநீர் என்பன குறிகள். பிழைத்த குதிரை நலமுற்றது போலத் தோன்றினும், தைலேரியா அதன் குருதியிலே வாழ்நாள் முழுதும் தங்கியிருத்தல் கூடும். அக்குதிரைக்கு இட்ட ஊசியைக் கொதிநீரிற் றூய்மையாக்காது மற்றொன்றுக்கு இட்டால் மனிதனே உண்ணியின் தொழிலைச் செய்தவனாவான். மேனாடுகளிலே இவ்வாறும் நோய் பரவியதுண்டு.

அடுத்த பகைவன் குதிரையீ. பெருங்கண்களும் தடித்த உடலுமுடைய இவ்வீயின் பெண்ணே குருதியுண்ணும். ஆண் பூந்தேனுண்டு அமைதியாய் வாழும். நுளம்பு ஊசிபோற் றுளைக்க, இது கத்திரிபோல் வெட்டிப் பெருகும் குருதியை நக்கும். வலி மிகுதியாதலின் குதிரை உடனே உதறும். அரைவயிற்றோடு எழுந்த ஈ, வாயில் ஈரம் புலருமுன், அதே குதிரையிலோ அடுத்து நிற்கும் குதிரையிலோ அமரும். நோய் பரவுவது இவ்விடையறவினாலேயே. கடி வலியற்றதாயின் ஈ ஒரு குதிரையிலேயே உண்டு முடித்துப் பறந்துவிடும்.

இவ்வழியிற் பரவும் நோய்களுட் பழம்பெரும் பகை ‘சுர்ரா’ என்பது. 1880இலே, அன்று பஞ்சாபைச் சேர்ந்த தேரா இசுமாயில் கானிலே, படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சலாலும் மெலிவாலும் மாய்ந்துகொண்டிருந்தபொழுது, கிரிபித் எவன்சு என்னும் மிருக வைத்தியர் அவற்றின் குருதியை உருப்பெருக்கியின் கீழே நோக்கினார். கலங்களிடையே சாட்டைபோல் நெளிந்தோடும் உயிரொன்றைக் கண்டார். நோயுற்ற குருதியை நலமுற்ற விலங்கிலே செலுத்தி அந்நோய் தோன்றுதலையும் காட்டினார். அது நோய்க்குக் காரணமன்று, வெறும் உடனுறைவே என்று மேலோர் பலர் ஒதுக்கினர். இன்று அவ்வுயிர் ‘திரிப்பனசோமா எவன்சி’ என அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆபிரிக்காவிலே இதன் உறவினம் செற்சி ஈயின் உடலினுள்ளே வளர்ந்து பெருகும். சுர்ராவின் கிருமியோ ஈயினுள் வளர்வதேயில்லை, வாயின் ஈரத்தில் ஒட்டிச் சில நிமிடங்களே உயிருடனிருக்கும்.

இச்சில நிமிடமே எமக்குத் துணை. நோயுற்ற குதிரையைப் போதிய தூரத்திலே நிறுத்தினால், இடையறவுபட்ட ஈ அத்தூரம் பறந்து வருதலினும் அண்மையிலுள்ள அதே குதிரைக்குத் திரும்புதலையே விரும்பும். குதிரையீயாற் பரவும் இன்னொரு நோயாகிய தொற்றுச் சோகைக்கு அமெரிக்கர் விதித்த இடைவெளி 200 யார். நாட்டுப்புறத்திலே ஓரு காணித்துண்டின் நீளம் அது. மருந்துச்சாலையில் விற்கும் எப்பொருளினும் இவ்வெற்றிடம் மலிவானது.

குதிரையீ கருங்குதிரையை மிகுதியும் வெண்குதிரையைக் குறைவும் நாடும் என்பது குதிரைக்காரர் பண்டே அறிந்தது. காரணத்தை அங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் 2010இல் விளக்கினர். பளபளப்பான கருந்தோலிற் பட்டுத் தெறிக்கும் ஒளி, நீர்ப்பரப்பிற் றெறிப்பது போல முனைவாக்கப்பட்ட ஒளி. நீரோரத்திலே முட்டையிடும் இவ்வீ அவ்வொளியை நாடிச் செல்லும் இயல்பினது. வெள்ளை மயிர் அவ்வொளியைத் தருவதில்லை. பளபளக்கும் கரும்பந்தொன்றைத் தொங்கவிட்டு, அதன் மேலே வலைக்கூடாரமமைத்து, பந்தைக் குதிரையென மயங்கி மேலெழும் ஈக்களைப் பிடிக்கும் பொறிகள் இன்று மேனாட்டு மேய்ச்சல் நிலங்களிலே நிற்கின்றன.

இதனினும் வியப்புக்குரியது வரிக்குதிரையின் செய்தி. 2019இல் இங்கிலாந்திலே, சாதாரணக் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என மூவகைப் போர்வை போர்த்து ஈக்களை எண்ணினர். வரிப்போர்வையில் அமர்ந்தவை மிகச் சில. போர்வையில்லாத தலையிலோ மூன்றிலும் ஒரே அளவு. ஈக்கள் தொலைவிலிருந்து அணுகியனவெனினும், அண்மித்ததும் வேகந் தணிக்கமாட்டாது மோதியோ விலகியோ சென்றன. யப்பானியர் அதே ஆண்டு கரும்பசுக்களுக்கு வெள்ளை வரி தீட்டிக் கடிகளைப் பாதியாகக் குறைத்தனர். சுண்ணாம்புப் பட்டையிட்ட மாட்டைக் கண்டால் எம்மூரார் நகைப்பர், மாடு நகையாது.

இலாயத்தினுள்ளேயே பிறந்து வளரும் பகை இலாய ஈ. வீட்டு ஈயைப் போன்றது. ஆனால் முன்னே நீண்ட கூர்மூக்குடையது. ஆணும் பெண்ணும் கடிக்கும். பெரும்பாலும் காலையே கடிக்கும். குதிரை ஓயாது நிலத்தை உதைத்தால் இதனை ஐயுறுக. சிறுநீரில் ஊறிய வைக்கோலும் இலத்தியும் கலந்த குப்பையே இதன் தொட்டில். வெப்ப நாட்டிலே மூன்று கிழமையளவில் ஒரு தலைமுறை முடியும். ஆதலின் குப்பையைக் கிழமைக்கு இருமுறை அகற்றி வெயிலிற் பரப்பிக் காயவைத்தால் தொட்டில் உடையும். இதற்கு மேல் இதனைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. நண்டுபோற் பக்கவாட்டில் ஓடித் தொடையிடுக்கிற் பதுங்கும் தட்டை ஈயும், முன்னங்கால் மயிரிலே மஞ்சள் முட்டைகளை ஒட்டி, நக்கும் வாய்வழியே குதிரையின் இரைப்பையிற் புகும் புழுவை ஈனும் ஈயும் வேறு உள. பின்னதன் முட்டையை மழுங்கிய கத்தியாற் சுரண்டி அகற்றலாம்.

யாவற்றினும் சிறியதும் கொடியதும் ஒன்று உண்டு. ஈழத்து வழக்கிலே நுளம்பு வேறு, கொசு வேறு. கடிக்கும் சிறுகொசு என இங்கு நாம் குறிப்பது, 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை நீளமான, நூலோர் ‘கியூலிகோயிடெசு’ எனக் கூறும் இனம். நுளம்புவலையின் கண்வழியே இது எளிதிற் புகுந்துவிடும். அந்தியிலும் விடியலிலும் திரளும். இதன் உமிழ்நீரை ஒவ்வாத குதிரைக்குப் பிடரியும் வாலடியும் தாங்கொணா நமைச்சலடையும். மரத்திலும் மதிலிலும் உராய்ந்து மயிரிழந்து புண்ணாகும். ஐசுலாந்துக் குதிரைகளின் கதை இதற்குச் சான்று. நோர்வீசியக் குடியேறிகள் ஆயிரமாண்டுக்கு முன்னர் கொண்டுவந்த அக்குதிரையினம் குதிரையைக் கடிக்கும் சிறுகொசுக்களில்லாத் தீவிலே வாழ்ந்துவந்தது. வளர்ந்தபின் ஐரோப்பியப் பெருநிலத்துக்கு விற்கப்பட்டு, சிறுகொசு மிகுந்த இடங்களில் ஈராண்டு தங்கியவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை இந்நமைச்சல் நோய்க்கு ஆளாயின. அதே இனத்தின் குட்டிகள் பெருநிலத்திலே பிறந்தால் நோயுறுவன மிகச் சில. இளமையிற் பெற்ற கடி பிற்காலத்துக்குக் காப்பாயிற்று. வெளியேறிய குதிரை மீண்டும் ஐசுலாந்துக்குட் புகுதல் அந்நாட்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டமையின், நோயுற்றதைத் தாயகத்துக்கு அனுப்பவும் வழியில்லை.

நமைச்சலோடு நின்றால் நன்று. ஆபிரிக்கக் குதிரைநோய் என்னும் வைரசு நோயைப் பரப்புவதும் இச்சிறுகொசுவே. நுரையீரலில் நீர் நிரம்பி, மூக்கில் நுரை தள்ளி, சில வேளை ஒரு பகலிலேயே குதிரை மாயும். எதிர்ப்பாற்றலற்ற குதிரைகளிலே நூற்றுக்கு 70 முதல் 95 வரை இறத்தல் கூடும். வரிக்குதிரையோ கிருமியைத் தாங்கியும் நோய்க்குறி காட்டாது திரியும். 1959 முதல் 1961 வரை இந்நோய் ஆபிரிக்காவைக் கடந்து மத்திய கிழக்கு வழியாக இந்தியா வரை வந்து, 3 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரையினங்களை அழித்தது. 1987இல் நமீபியாவிலிருந்து இறக்குமதியான வரிக்குதிரைகளோடு இசுப்பானியாவிற் புகுந்தது. 2020இன் தொடக்கத்திலே தாய்லாந்தின் நக்கோன் இராச்சசீமா மாகாணத்துப் பந்தயக் குதிரைகளிற் றோன்றி, ஐந்நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது.

தாய்லாந்தார் செய்தவை எமக்குப் பாடமாதல் தகும். குதிரைகளின் நடமாட்டத்தை நிறுத்தினர். தடுப்பூசியை வரவழைத்து இட்டனர். ஊசியின் பயன் தோன்றச் சில கிழமைகள் செல்லுமாதலின், அதுவரை இலாயங்களை முற்றாக நுண்வலையாற் போர்த்தினர். கடையிற் கிடைத்த வலையை நன்கொடையாளர் வாங்கித்தர, இரவோடிரவாகத் தைத்துக் கட்டிய இலாயங்களும் உண்டு. வலை கட்டிய இலாயத்தினுள்ளே வெப்பம் மிகும். அதற்கு மின்விசிறி வேண்டும். விசிறியோ இருபயன் தருவது. சிறுகொசு காற்றை எதிர்த்துப் பறக்க வல்லதன்று. மெல்லிய காற்றோட்டமே அதனைக் குதிரையின் முதுகிலிருந்து அகற்றிவிடும்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகின்றது. குதிரையீ நண்பகற் பகை. வெயிலிற் றிரியும், நிழலான கொட்டிலினுட் புக விரும்பாது. சிறுகொசுவும் நுளம்பும் அந்திப் பகை. ஆதலின் உச்சிவேளையில் இலாயத்திலும், பிற்பகலில் வெளியிலும், கதிரவன் மறையுமுன் மீட்டும் இலாயத்திலும் வைத்தலே தக்கது. அந்தியில் வேப்பஞ்சருகிட்டுப் புகை மூட்டும் வழக்கம் மாட்டுக் கொட்டிலுக்குப் பொருந்தலாம். குதிரையின் மூச்சுக்குழல் புகையையும் தூசையும் பொறாதது. புகையைக் கொட்டிலுக்கு வெளியே காற்றின் மேற்றிசையில் மெல்லிதாக இடுக, உள்ளே வேண்டாம்.

மருந்துகளைப் பற்றிக் கூறும்பொழுது சற்று அச்சத்தோடு கூறுகின்றோம். செவ்வந்தியினப் பூவொன்றின் சாரத்தைப் பின்பற்றி 1973இல் இங்கிலாந்தின் உரோதாம்செற் ஆராய்ச்சி நிலையத்திலே மைக்கேல் எலியற் குழுவினர் ஆக்கிய பேமெத்திரின், குதிரைக்கு ஏற்றது. உண்ணியையும் ஈயையும் ஒருங்கே விலக்குவது. ஆனால் வீட்டுப் பூனைக்கும் குளத்து மீனுக்கும் அது கடுநஞ்சு. யப்பானிய மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரின் கொடையாகிய ஐவர்மெக்ரின், இரைப்பைப் புழுக்களை ஒழிக்கும். அதனைக் கண்ட ஓமுராவும் காம்பெல்லும் 2015இல் நோபற் பரிசிற் பங்கு பெற்றனர். அதன் எச்சம் இலத்தியிற் கலந்து, இலத்தியைப் புதைத்து நிலத்தைத் தூய்மையாக்கும் வண்டுகளையும் கெடுக்கும் என்பதை மறத்தலாகாது. வேப்பெண்ணெய் எமது முற்றத்துப் பொருள். சில மணிநேரம் ஈயை விலக்கும். அதற்கு மேலான புகழை அதற்குச் சூட்டுதல் அன்பினாலாயதேயன்றி அறிவினாலாயதன்று. எம்மருந்தாயினும் ஒன்றையே இடைவிடாது இட்டால் உண்ணி அதனை வெல்லும். அவுத்திரேலியாவிலே மாட்டுண்ணி பாசாணக் குளிப்பை 1930களிலேயே வென்றது. பின்னர் வந்தவற்றையும் ஒவ்வொன்றாக வென்றது.

அச்சத்துக்குக் காரணம் நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சியொன்று. பல்லாண்டுகளுக்கு முன்னர், மட்டக்குதிரையொன்றை அன்போடு வளர்த்த ஒருவர், அதன் செவிகளில் உண்ணி கண்டு, பசுக்களுக்கு வாங்கிவைத்த உண்ணிமருந்தை அளவாகக் கரைத்து உடல் முழுதும் பூசினார். அம்மருந்து அமிற்றிராசு. பசுவுக்கு அது மருந்து. குதிரைக்கோ குடலின் அசைவையே நிறுத்தும் நஞ்சு. அளவிற் பிழையில்லை, விலங்கிலேதான் பிழை. மறுநாள் குதிரை தீன் தின்னவில்லை, விலாவைத் திரும்பித் திரும்பி நோக்கிற்று, நிலத்திற் புரண்டது. குதிரை வாந்தியெடுக்க இயலாத விலங்கு. குடலில் அடைத்தது அடைத்ததே. மிருக வைத்தியர் வந்து, உடலைக் கழுவுவித்து, மூக்கின் வழியே குழாய் செலுத்தி எண்ணெய் ஊற்றினார். இரண்டு இரவுகள் வீட்டார் முறைவைத்து அருகிருந்தனர். மூன்றாம் நாட் காலையில் அது இலத்தியிட்டபொழுது, அவ்வீட்டு முதியவள் கற்பூரங் கொளுத்தினாள். மருந்துப் போத்தலின் மேலே குதிரைக்கு ஆகாதென அச்சிட்டிருந்தது. அவ்வீட்டில் ஒருவருக்கும் விளங்காத மொழியிலே, கடுகளவு எழுத்திலே அச்சிட்டிருந்தது.

இறுதியாக எமது கடலிலுள்ள குதிரைகளைப் பற்றிச் சில சொல்வோம். நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வளர்ப்பின் வழிவந்தவை என்பர். ஒல்லாந்தரது இலாயத்தின் கற்றூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. பேணுவோர் நீங்கியபின் அவை காட்டுவிலங்காயின. 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இவற்றை யாரும் தேய்ப்பதில்லை. செவியினுள் விரலிட்டு உண்ணி தேடுவாருமில்லை. ஆயினும் கமார்க்குக் குதிரைகளைப் போலக் கூட்டமாய் வாழ்கின்றன; வால் குறைக்கப்படவில்லை; மரஞ்செடி குறைந்த வெளியிலே கடற்காற்று ஓயாது வீசுகின்றது. சிறுகொசுவுக்கு அக்காற்றைவிடப் பெரும்பகை இல்லை.

ஆனால் கோடை கடுமையாயின் தீவில் நீர் வற்றும், குதிரைகள் மெலியும், தாகத்தால் இறந்தமையும் உண்டு. மெலிந்த உடலிலே உண்ணி பெருகும். அவ்வேளையிலே எஞ்சிய சில நீர்நிலைகளைச் சூழ மாடும் குதிரையும் ஒன்றாய்த் திரள, மாட்டின் உண்ணி குதிரைக்கும் ஏறும். மிதிபட்ட சேற்றிலே ஈயும் சிறுகொசுவும் முட்டையிடும். குடிநீரைப் பல இடங்களிலே சீமெந்துத் தொட்டிகளாக அமைத்து, வழிந்தோடிச் சேறாகாதவாறு கல் பாவினால், தாகமும் பூச்சியும் ஒரே செலவிற் குறையும். தீவுக்கு வெளியிலிருந்து குதிரையோ கழுதையோ கொண்டுசெல்ல எவரேனும் எண்ணினால், குருதிச் சோதனை முடியுமுன் படகேற்றலாகாது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் திரியும் கழுதைகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரு நோய் புகுந்தால் நெடுந்தீவுக் குதிரைகளுக்கு ஒதுங்க வேறிடமில்லை. அத்தீவைச் சுற்றிலும் கடல்.